அந்தரத்தில் நின்ற அம்புகள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'அப்புறம் அக்கா' என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான், அதனால் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. யார் எதைச் சொன்னாலும் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரி, அப்புறம்?" என்பாள். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஒரு அப்புறம் இருக்கும். ஏழு வருஷம் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே பலர் அவள் இடத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போவார்கள்.

அவள் வேலை படம் வரைவது. ஓவியம் இல்லை. ஒரு மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பெட்டிகளாகவும் அம்புகளாகவும் வரைந்து கொடுப்பாள். பொத்தானை அமுக்கினால் ஒரு பெட்டி, அங்கிருந்து ஒரு அம்பு, அது போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு பெட்டி. அதைப் பார்த்துத்தான் நான் நிரல் எழுதுவேன். படத்தில் இல்லாததை எழுத மாட்டேன், படத்தில் இருப்பதை ஏன் என்று கேட்க மாட்டேன். இதை அந்தக் காலத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா பயந்த சுபாவம். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போவாள். பார்த்துவிட்டு வந்தபிறகு, நிஜமாகவே பார்த்தோமா என்று சந்தேகம் வரும். கடைசியில் அணைத்த அடுப்பைத் தினமும் காலையில் போனில் படம் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். அவள் போனில் பெற்ற பெண்ணின் படத்தைவிட அடுப்பின் படம்தான் அதிகம். லிஃப்டில் ஏறினால் இறங்கும்வரை பேச மாட்டாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒரு நாள் அவரே என்னிடம், "பயப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் ஒண்ணும் இல்லேன்னு பயப்படுவா தம்பி" என்றார். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஆனால் அந்தப் பயத்தில்தான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும் ஓடியது. ஒருமுறை பார்சல் பெட்டகத்துக்கு மென்பொருள் செய்தோம். பார்சல் வந்தால் வாங்கியவர் போனுக்கு ரகசிய எண் போகும், எண்ணை அடித்தால் கதவு திறக்கும். அவ்வளவுதான் என்று வாடிக்கையாளர் எழுந்துகொள்ளப் போனார். "அப்புறம்? அந்த நம்பர் போன ஆளு செத்துப் போயிருந்தா?" என்று கேட்டாள் அக்கா. அறையே சிரித்தது. மூன்று மாதம் கழித்து ஒரு விதவை, கணவர் தனக்காக வாங்கி அனுப்பிய கைக்கடிகாரத்தை எடுக்க வந்து நின்றபோது, அவருக்குக் கதவு திறக்க வழி இருந்தது. அக்கா கேட்டதால் இருந்தது.

பதில் தெரியாத இடம் வந்தால் அவள் ஒரு காரியம் செய்வாள். அம்பை வரைந்து அப்படியே விட்டுவிடுவாள். அம்புக்கு முனை இருக்கும், போய்ச் சேர இடம் இருக்காது. பக்கத்தில் பென்சிலால் பொடியாக ஒரு கேள்விக்குறி. மேலாளருக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"நாலு எடத்துல அந்தரத்துல நிக்குதேம்மா. வர்றவங்க பார்த்தா என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும்னுதான் சார் விட்டிருக்கேன்."

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஏஐ வந்தது. மேலாளர் ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டி வைத்துக் காட்டினார். என்ன வேண்டுமோ அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் போதும், பத்து நொடியில் படம் வந்துவிடும். பெட்டிகள் ஒரே அளவு, அம்புகள் நூல் பிடித்த மாதிரி. மேலாளர் குழந்தை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி எல்லோர் முகத்தையும் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

அன்று சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "எனக்கு நாப்பத்தி மூணு வயசு. ஒரு வாரம் உக்காந்து வரையறதை அது பத்து செகண்டுல வரையுது. இனிமே நான் எதுக்கு தம்பி?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அந்த லட்சணத்தில்தான் சொல்லியிருப்பேன்.

பயந்தவள் அதைப் பழகிக்கொள்ளவும் செய்தாள். இரண்டே வாரத்தில் அந்தச் செயலியை எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஓட்டினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவள் பயம் குறைந்தது. "நான் பாதி சொன்னாலே மீதியை அதுவே யோசிச்சுப் போட்டுடுது. தேடிப் பார்த்தாலும் ஒரு அம்பு அந்தரத்துல நிக்கல. நல்லா தூங்கறேன் தம்பி" என்றாள். கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன. 'அப்புறம்' வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கேட்டால் அதிகம். எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த நேரத்தில்தான் கழுத்துப் பொத்தான் வேலை வந்தது. தனியாக வசிக்கும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. விழுந்துவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். சிவப்பு விளக்கு மின்னும், பிள்ளையின் போனுக்கு அழைப்பு போகும். பிள்ளை எடுத்துவிட்டால் கருவியிலேயே பேசலாம். இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லையென்றால், உதவிக்குத் தகவல் போய்ப் பச்சை விளக்கு எரியும். வீட்டுக்கு வந்து நோயாளிகளைக் கவனிக்கும் நிறுவனம் ஒன்று இந்தக் கருவிக்கான மென்பொருளை எங்களிடம் செய்யச் சொல்லியிருந்தது. அவர்கள் சொன்னதை அக்கா தட்டச்சு செய்தாள், படம் வந்தது, மேலாளர் பார்த்தார், அந்த நிறுவனம் கையெழுத்துப் போட்டது, நான் நிரல் எழுதினேன். எல்லாம் மூன்றே வாரம்.

விற்பனைக்கு விடுமுன் இருபது கருவிகளை எங்களிடமே கொடுத்தார்கள், வீட்டுப் பெரியவர்களிடம் மாட்டிப் பார்க்கச் சொல்லி. அக்கா ஒன்றைத் தன் அம்மாவுக்கு வாங்கிக்கொண்டாள். ஊருக்கு அந்தக் கோடியில் மாடி வீட்டில் அந்த அம்மா தனியாக இருந்தார், மகள் வீட்டுக்கு வாவென்றால் வர மாட்டார். நானும் ஒன்றை வாங்கி என் அப்பா கழுத்தில் மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டியது நான். அப்பாவுடையது பதினொன்று.

அப்பா முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். அம்மா போன பிறகு பழைய வீட்டிலேயே தனியாக இருக்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சு என்றால் பத்து நிமிஷம் தாங்காது, ஏதாவது ஒன்றில் முட்டிக்கொள்ளும். நான் கிழக்கு என்றால் அவருக்கு அன்று சூரியன் மேற்கில்தான். அவர் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் கடை. அப்பா ஓங்கி இருமினால் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னண்ணே?" என்று கேட்பார். பல்லி விழுந்ததற்கெல்லாம் கத்தித் தெருவையே கூட்டுகிற மனிதர் அப்பா. அதனால் கருவியை மாட்டும்போது கறாராகச் சொன்னேன்.

"சிவப்பு மின்னினா எனக்கு போன் வருதுன்னு அர்த்தம். பச்சை எரிஞ்சா ஆளு கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். பேசாம படுத்திருங்க. கத்தி ஊரைக் கூட்டாதீங்க."

"சரிங்க ஆபீசர்" என்றார் அப்பா.

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. காலை பத்தரைக்கு ஒரு கூட்டம். போனைச் சத்தம் வராமல் செய்து மேஜை மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பழக்கமில்லாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. நாளைக்கு நாலு தடவை மனை விற்கிறேன் என்று கூப்பிடுகிறார்களே, அவர்கள்தான் என்று துடைத்துப் போட்டுவிட்டேன்.

பன்னிரண்டரை இருக்கும். மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, படத்தில் 'பயனாளர்' என்று இருப்பதைப் 'பெரியவர்' என்று மாற்றச் சொன்னார். அதுதான் மரியாதையாக இருக்கிறதாம். அக்கா அந்தச் செயலியில் பழைய உரையாடலைத் திறந்தாள். இதுவரை படத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆவணத்தில் ஒட்டியிருந்தாள். எங்கள் ஆவணத்தில் படத்துக்குத்தான் கட்டம் உண்டு, வேறு எதற்கும் இடம் கிடையாது. இன்று சொல்லைத் தேடிக் கீழே இறங்கியவள், படத்துக்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"தம்பி, இங்க வா" என்றாள்.

திரையில் படம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி. பிள்ளை போனை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லை, எனவே 'அருகிலுள்ள பராமரிப்பாளருக்குத் தகவல்' என்ற பெட்டியை நானே சேர்த்திருக்கிறேன். பராமரிப்பாளர் பட்டியல் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொண்டேன், தயவுசெய்து உறுதிப்படுத்திக்கொள்ளவும்.

"அந்தப் பட்டியலை யாரு குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"அவங்கதான் குடுப்பாங்கன்னு நெனைச்சேன்."

"அவங்க நம்மகிட்ட இருக்குன்னுல்ல நெனைச்சிருக்காங்க. கையெழுத்துப் போடறப்போ, நல்ல வேளை இதை நீங்களே பார்த்துக்கறீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்போ உறைக்கலையே. இப்போ அதுல எத்தனை பேரு இருக்காங்க?"

பட்டியலில் யாரும் இல்லை. காலிப் பட்டியல். அதில் இருக்கிற எல்லோருக்கும் தகவல் அனுப்பு, அனுப்பி முடித்ததும் பச்சையைப் போடு என்று எழுதியிருந்தேன். ஒருவருமே இல்லாத பட்டியலில் எல்லோருக்கும் அனுப்புவது நொடியில் முடிகிற வேலை. ஒரு பிழையும் காட்டாது. பச்சை எரியும்.

"அப்போ எங்கம்மா அமுக்கி, நான் எடுக்கலேன்னா?"

அவள் அதற்குள் அம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

மேலாளர் அறைக்கு ஓடினாள். கதவு திறந்தே இருந்ததால் எனக்கும் கேட்டது. "சார், இருபது பேருக்கும் உடனே போன் பண்ணணும். இதை நம்பாதீங்கன்னு சொல்லணும். தப்பு என்னோடதுதான், படத்துக்குக் கீழ இருந்ததை நான் படிக்கல. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க, ஆனா மொதல்ல போன் பண்ணச் சொல்லுங்க."

"ஏம்மா, வழக்கம்போல ஆரம்பிச்சுட்டீங்களா? பத்து நாள்ல ஒருத்தர்கூட அமுக்கல. சாப்பிட்டுட்டு வந்து பேசுவோம்" என்றார் அவர்.

ஏழு வருஷமாக அவளைப் பார்த்துச் சிரித்ததற்கு அதுதான் பலன். நானும் சேர்ந்து சிரித்தவன்.

என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து போன் செய்துகொண்டே வந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் அந்தப் போன் மணி அடிப்பது எனக்கும் கேட்டது, ஒவ்வொரு முறையும் அது பாட்டுக்கு அடித்து நின்றது. "அம்மா, எடும்மா, எடும்மா" என்று முனகினாள். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்திருந்தாள். காலர் இறுகியது, சொல்லத் தோன்றவில்லை.

"ஒங்கப்பாவும் மாட்டியிருக்காரே தம்பி" என்றாள் நடுவில்.

"அவரா? ஹாரனைத் தவிர எதையும் அமுக்க மாட்டாரு அக்கா" என்றேன்.

மாடிப்படியில் அவள் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அப்படியே ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினோம், பதில் இல்லை. நான் தோளால் இடிப்பதற்கு ஒரு அடி பின்வாங்கினேன்.

"யாருடா அது, கதவை ஒடைக்கிறது?" என்று குரல் கேட்டது, தலைக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து. அவள் அம்மா பின்படி வழியாக ஏறிப்போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போன் சமையலறையில். கழுத்தில் பொத்தான் பத்திரமாகத் தொங்கியது.

அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அம்மா இறங்கி வந்து, "ஒத்தச் செருப்போட எதுக்குடி வந்தே? பெரிய ஆபீசு, எல்லாருக்கும் ஒவ்வொரு செருப்புதான் குடுக்கறாங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தால் எதற்கெல்லாமோ சிரிப்பு வரும். தண்ணீர் குடித்தேன். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரி. அப்புறம்?"

"என்ன அப்புறம்?"

"மத்த பத்தொம்போது பேரு?"

யார் எப்போது அமுக்கினார்கள் என்ற பதிவை அலுவலகத்துக் கணினியில் மட்டும்தான் பார்க்க முடியும். கிளம்பின பதற்றத்தில் அதைப் பார்க்க எனக்குப் புத்தி போகவில்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற பெண்ணுக்குப் போன் செய்து, பதிவைத் திறந்து படிக்கச் சொன்னேன். அவள் நிதானமாகப் படித்தாள்.

"யாருமே அமுக்கலையே. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒண்ணும் இல்ல. இருங்க, ஒருத்தர் அமுக்கியிருக்காரு. இன்னிக்குத்தான். காலையில பத்து நாப்பது. ரெண்டு தடவை போன் போயிருக்கு, எடுக்கல. தகவல் அனுப்பியாச்சு, பச்சைன்னு இருக்கு. பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணா. நம்பர் பதினொண்ணு. யாரு அது?"

அந்த எண்ணைப் பசை தடவி ஒட்டிய விரல்கள் என்னுடையவை. கருவி கூப்பிடும் எண்ணைப் போனில் பதிந்து வைக்காமல், மனை விற்பவர்கள் என்று காலையில் துடைத்துப் போட்ட விரல்களும் அவைதான். போனை அக்காவிடம் கொடுத்தேனா, கீழே போட்டேனா என்று தெரியவில்லை. மணி ஒன்றேகால். பத்து நாற்பதிலிருந்து எத்தனை நேரம் என்று கணக்குப் போட மனசு மறுத்தது. அக்கா எதுவும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஆம்புலன்சுக்குச் சொல்ல என்னிடம் அப்பாவின் முகவரி கேட்டாள். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண் எனக்கு வாயில் வரவில்லை. இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை தெரியாது. எல்லாப் பயத்தையும் இவள் ஒருத்தியே சுமப்பாள், நாம் சிரித்துக்கொண்டு இருக்கலாம் என்று ஏழு வருஷம் இருந்துவிட்டேன். அன்று அந்த இருபது நிமிஷத்தில் மொத்தமும் என் தலையில் இறங்கியது. வழியில் ஒரு வீட்டு வாசலில் கூட்டமாக நாலு பேர் நின்றால்கூட அது அப்பா வீடாகத் தெரிந்தது.

என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன். மூன்று முறை தவறியது. அக்கா சாவியை வாங்கித் திறந்தாள்.

அப்பா குளியலறை வாசலில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத திசையில் இருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்து அசைந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லிஃப்டில் பேசப் பயப்படுகிற அக்காதான் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "தூங்கிடாதீங்கப்பா. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

"வழுக்கிட்டேம்மா."

"சரி. அப்புறம்?"

"எந்திரிக்க முடியல. இதை அமுக்கினேன். செவப்பு மின்னுச்சு. கத்தவும் கத்தினேன். பக்கத்துல மிஷின் சத்தம், அவனுக்குக் கேக்கல."

"அப்புறம்?"

அப்பா கழுத்துப் பொத்தானைத் தொட்டார். அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"பச்சை வந்துச்சு. பச்சை வந்தா ஆளு கெளம்பிட்டாங்க, கத்தக் கூடாதுன்னு இவன் சொல்லியிருந்தான். ஒரு தடவையாவது இவன் பேச்சைக் கேப்போம்னு கத்தறதை நிறுத்திட்டேன்."

அக்கா அடுத்ததைக் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் விட்டுவிட்டு ஓடியது. நடுநடுவே அது நின்றபோதெல்லாம் தையல்காரர் நூலைக் கடித்துத் துப்புவதுகூட எங்களுக்குக் கேட்டது.